வலைதளத்திலும் பின்தொடரும் அரசுப் பதவி

புதுடெல்லி: அலுவலக நேரம் முடிந்த பின்னர், சொந்த செல்போனில் இடும் பதிவுக்கும் அரசு ஊழியர்கள் பதில் சொல்ல வேண்டிய நிலை உள்ளது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964-லும், ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கு 1968-லும் வகுக்கப்பட்ட நடத்தை விதிகள், அரசைப் பகிரங்கமாக விமர்சிப்பதைத் தடை செய்கின்றன. வானொலி, நாளிதழ் காலத்து இவ்விதிகள் இப்போது சமூக வலைதளங்களுக்கும் பொருத்தப்படுகின்றன.

குஜராத் சட்டப்பேரவைத் தேர்தலுக்கு 2022-ல் பொதுப் பார்வையாளராக நியமிக்கப்பட்ட ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர், அரசு காருடன் நிற்கும் படத்தைத் தமது இன்ஸ்டாகிராம் கணக்கில் வெளியிட்டார். தேர்தல் ஆணையம் அவரை அப்பணியிலிருந்து நீக்கியது. கணக்கு அவருடையது, பொறுப்பு அரசுடையது. பணி நேரத்தில் சீருடையுடன் 'ரீல்ஸ்' எடுக்க உத்தரப் பிரதேச காவல்துறை 2023-ல் தடை விதித்தது.

எனினும், ஊழியரின் உரிமை முற்றிலும் பறிபோய்விடுவதில்லை. திரிபுராவில் அரசு பெண் ஊழியர் ஒருவர், அரசியல் கூட்டத்துக்குச் சென்றதற்காகவும் ஃபேஸ்புக் பதிவுக்காகவும் 2018-ல் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அவர் ஓய்வு பெறச் சில நாள்களே இருந்தன. அவர் மீதான நடவடிக்கையை 2020 ஜனவரியில் ரத்து செய்த அம்மாநில உயர் நீதிமன்றம், விதிகளின் வரம்புக்கு உட்பட்டு அரசு ஊழியருக்கும் கருத்துரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது.

சீருடை, அரசு வாகனம், அலுவலகக் கோப்பு ஆகியவை படத்தில் தெரிந்தால், 'சொந்தக் கணக்கு' என்ற வாதம் எடுபடுவது கடினம்.