விட்டுப்போன நடையை மீண்டும் தொடங்குவோம்

நீரிழிவு இருப்பது புதிதாகத் தெரியவந்தவர்கள் முதல் இரண்டு மாதங்கள் மிகுந்த அக்கறையுடன் நடக்கிறார்கள். புதிய காலணி வாங்குகிறார்கள். அதிகாலை 5 மணிக்கு எழுகிறார்கள். மறுபரிசோதனைக்கு வரும்போது எடை குறைந்திருப்பதை மகிழ்ச்சியுடன் சொல்கிறார்கள். பிறகு ஐப்பசி மழை வருகிறது. அல்லது வீட்டில் ஒரு திருமணம், சொந்த ஊர்ப் பயணம், நான்கு நாள் காய்ச்சல். நடை ஒரு வாரம் நிற்கிறது. அந்த ஒரு வாரம் பலருக்கு ஆறு மாதமாக நீண்டுவிடுவதை எங்கள் புறநோயாளிகள் பிரிவில் ஆண்டுதோறும் காண்கிறோம்.

நடைப்பயிற்சியின் நன்மைகளை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். எனவே, விட்டுப்போன பயிற்சியை எவ்வாறு மீண்டும் பற்றிக்கொள்வது என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

ஒருவர் எங்களுக்கு உணர்த்தியது

சில ஆண்டுகளுக்கு முன், ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் கால் பெருவிரலில் புண்ணுடன் வந்தார். முன்னர் எங்களிடம் ஒழுங்காகச் சிகிச்சை பெற்றவர். மருந்தாலும் நடையாலும், எச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சர்க்கரை அளவை 9.4-இலிருந்து 7.1-க்குக் குறைத்தவர். அதன்பின் ஏழு மாதங்கள் அவர் வரவேயில்லை. காரணம் கேட்டபோது, "நடப்பதை விட்டுவிட்டேன் ஐயா. தினமும் நடக்கிறீர்களா என்று கேட்பீர்கள், என்ன பதில் சொல்வது என்று கூச்சமாக இருந்தது" என்றார்.

நடையை நிறுத்தியதால் நேர்ந்த இழப்பைவிட, அதைச் சொல்லக் கூசி மருத்துவமனைக்கே வராதிருந்ததால் நேர்ந்த இழப்பு பெரிது. அந்த ஏழு மாதங்களில் அவருடைய இரத்தமும் பரிசோதிக்கப்படவில்லை, பாதங்களும் பரிசோதிக்கப்படவில்லை. விரலைக் காப்பாற்ற முடிந்தது. ஆனால் புண் ஆற இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று.

இதில் எங்கள் பிழையும் உண்டு. "தினமும் நடக்கிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டால், "ஆம்" என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல யாருக்கும் மனம் வராது. இப்போது நாங்கள், "சென்ற வாரம் எத்தனை நாள் நடக்க முடிந்தது? மற்ற நாள்களில் எது தடுத்தது?" என்று கேட்கிறோம். மழை, முழங்கால் வலி, நாய்த் தொல்லை, இரவுப் பணி என உண்மையான காரணங்கள் அப்போது வெளிவருகின்றன. காரணம் தெரிந்தால் வழியும் காணலாம்.

இடைவெளி ஏன் நீளக்கூடாது?

தசைகள் இயங்கும்போது அவை இரத்தத்திலுள்ள சர்க்கரையை எரிபொருளாக உள்ளிழுத்துக்கொள்கின்றன. பயிற்சி முடிந்த பின்னரும் ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு நாள்கள் வரை, உடல் இன்சுலினுக்கு வழக்கத்தைவிட நன்றாகப் பணிந்து செயல்படுகிறது. பிறகு அப்பயன் படிப்படியாக மறைந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு வாரம் முழுவதும் அமர்ந்திருப்பது, ஒரு வார மாத்திரைகளை ஒரே நாளில் விழுங்குவதற்கு ஒப்பானது.

எனவே நாங்கள் வலியுறுத்தும் விதி ஒன்றுதான்: தொடர்ந்து இரண்டு நாள்களுக்கு மேல் பயிற்சியை விடாதீர்கள். ஒரு நாள் விட்டுப்போனால் வருந்த வேண்டாம். மறுநாள் ஐந்து நிமிடமாவது நடந்துவிடுங்கள்.

எவ்வளவு நடந்தால் போதும்?

வாரத்திற்கு 150 நிமிடங்கள் முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடற்பயிற்சி தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை. வாரத்தில் இரண்டு நாள்களேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும். அதுவே மிதமான வேகம். இவ்வளவு இயலாதவர்க்கும், சிறிதளவு நடப்பது நடக்காமலே இருப்பதைவிட நல்லது.

பத்தாயிரம் அடிகளை எட்ட முடியவில்லையே என்று சோர்ந்து நடையையே விட்டவர்கள் உண்டு. அந்த எண்ணிக்கை மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றிற்கு 'பத்தாயிரம் அடி அளவி' என்ற பொருளில் பெயர் சூட்டியிருந்தனர். அப்பெயரே பின்னர் உலகெங்கும் இலக்காகப் பரவிற்று.

மிதமான முயற்சியின் பயனைச் சென்னையில் நடந்த ஆய்வே காட்டியிருக்கிறது. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்து, 2006-இல் அதன் முடிவுகள் வெளியிடப்பட்டன. பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவு ஒழுங்கையும் உடல் உழைப்பையும் மேற்கொள்ளத் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் அது 39 பேராகக் குறைந்தது.

ஊக்கத்திற்காகக் காத்திராதீர்கள்

"மனம் வந்தால் நடப்பேன்" என்று பலர் சொல்கிறார்கள். பெரும்பாலும் நடந்து சில நிமிடங்கள் ஆன பிறகே மனம் வருகிறது. பல் துலக்குவதற்கு நாம் ஊக்கத்தை எதிர்பார்ப்பதில்லை, அது பழக்கம். நடையும் அவ்வாறு ஆக வேண்டும்.

ஒரு செயல் பழக்கமாக எவ்வளவு காலமாகும்? 2010-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, சராசரியாக 66 நாள்கள். சிலருக்கு 18 நாள்கள் போதுமாயின, சிலருக்கு 254 நாள்கள்வரை தேவைப்படும் எனக் கணக்கிடப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது. இரண்டு மாதத்தில் கைவிடுபவர்கள் பலர், பழக்கம் வேரூன்றும் தறுவாயில்தான் கைவிடுகிறார்கள்.

ஏற்கெனவே நாள்தோறும் செய்யும் ஒன்றுடன் நடையை இணைத்துவிடுவது எளிய வழி. உணவே அதற்கு மிகவும் பொருத்தமானது. ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் 10 நிமிடங்கள் நடப்பது, நாளில் ஏதேனும் ஒரு நேரத்தில் 30 நிமிடங்கள் நடப்பதைவிட, உணவுக்குப் பிந்தைய சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியதாக 2016-இல் நியூசிலாந்து ஆய்வு ஒன்று காட்டியது. இரவு உணவுக்குப் பின் தெருமுனைவரை சென்று திரும்புவதிலிருந்து தொடங்குங்கள்.

மீண்டும் தொடங்கும் முறை

நீண்ட இடைவெளிக்குப் பின் பழைய அளவிலேயே தொடங்காதீர்கள். முன்பு 40 நிமிடங்கள் நடந்தவர் முதல் வாரம் 15 நிமிடங்கள் நடந்தால் போதும். பிறகு வாரந்தோறும் ஐந்து நிமிடங்கள் கூட்டிக்கொள்ளலாம்.

மழை நாளுக்கான திட்டத்தை வெயில் நாளிலேயே வகுத்துக்கொள்ளுங்கள். கூடத்திலும் தாழ்வாரத்திலும் 10 நிமிடங்கள் நடக்கலாம். உறுதியான நாற்காலியில் அமர்ந்து எழுவதைப் பத்து முறை செய்யலாம். சுவரில் கைகளை ஊன்றி உடலைச் சாய்த்து நிமிரலாம்.

சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் நடந்த நாள்களை வட்டமிட்டு வாருங்கள். இரண்டு கட்டங்கள் அடுத்தடுத்து வெறுமையாக இருந்தால், அன்று கட்டாயம் நடக்க வேண்டிய நாள்.

வீட்டிலுள்ளவர்களுக்கு

"இன்றைக்கும் நடக்கவில்லையா?" என்ற கேள்வி யாரையும் நடக்க வைத்ததில்லை. "வாங்க, கடைவரைக்கும் போய்விட்டு வரலாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பது பலரை நடக்க வைத்திருக்கிறது.

எங்களிடம் வரும் பெண்களில் பலர் தங்களுக்கு நேரமே இல்லை என்கிறார்கள். அது சாக்கன்று. காலைச் சமையலும் பிள்ளைகளின் பள்ளியும் வீட்டு வேலையும் அவர்களுடைய நாளை எடுத்துக்கொள்கின்றன. அம்மா நடந்துவரும் 20 நிமிடங்களுக்கு அடுப்படியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் முன்வந்தால், அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

கவனிக்க வேண்டியவை

இன்சுலினோ, சர்க்கரையை மிகவும் தாழ்த்தக்கூடிய மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்கள் நடக்கும்போது குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்திருக்க வேண்டும். நடுக்கம், வியர்வை, கடும் பசி, தடுமாற்றம் தோன்றினால் உடனே உட்கொள்ளுங்கள்.

வெறுங்காலுடன் நடக்காதீர்கள். இரவில் பாதங்களைப் பார்த்துவிட்டுப் படுங்கள். பாதத்தில் புண் இருந்தால் நடையை நிறுத்தி எங்களிடம் வாருங்கள். அமர்ந்தபடி செய்யும் பயிற்சிகளைக் கற்றுத்தருகிறோம். இதய நோய் உள்ளவர்களும், விழித்திரை பாதிப்பு உள்ளவர்களும் மருத்துவரைக் கலந்த பின்னரே புதிய பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

நடக்கும்போது மார்பில் வலியோ அழுத்தமோ, வழக்கத்திற்கு மாறான மூச்சுத் திணறலோ, மயக்கமோ ஏற்பட்டால் உடனே நின்றுவிடுங்கள். வாயுக் கோளாறு என்று காலம் கடத்தாமல் 108-ஐ அழையுங்கள்.

புண் ஆறிய பின் அந்த மனிதர் மீண்டும் நடக்கத் தொடங்கினார். இன்றும் இடையிடையே அவருடைய நடை நின்றுபோகிறது. ஆனால் மறுபரிசோதனைக்கு வருவது நின்றுபோகவில்லை. சென்ற முறை தம் காலண்டரையே கையோடு கொண்டுவந்தார். அம்மாதத்தில் வட்டமிட்ட நாள்கள் 19. வெறுமையான கட்டங்களையும் எங்களுக்கு ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டிக் காரணம் சொன்னார்.

நீங்களும் அவ்வாறே வாருங்கள். நடந்திருந்தாலும் வாருங்கள்; நடக்காதிருந்தாலும் குறித்த நாளில் தவறாமல் வாருங்கள்.