கடல் அரித்த வீட்டுக்குக் காப்பீடு இல்லை

வடசென்னையில் காசிமேட்டைத் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் வடக்கே போனால், வலப்பக்கம் கடல் கூடவே வரும். மணல் வராது. பெரும்பாலான இடங்களில் சாலைக்கும் அலைக்கும் நடுவே கிடப்பது லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிய கருங்கல்தான். இடையிடையே தூண்டில் வளைவுகள் கடலுக்குள் நீண்டிருக்கின்றன. அவற்றை ஒட்டி மட்டும் கொஞ்சம் மணல் ஒதுங்கியிருக்கிறது. இந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு காலத்தில் வீடுகள் இருந்தன.

கரை இப்படி அரிபட்டதற்கான காரணம் 1870களில் தொடங்குகிறது. சென்னைக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய சுவர்கள் அதைத் தடுத்தன. தெற்கே தேங்கிய மணலால் மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எனக் கரை மெலிந்துகொண்டே போனது. ஊரே பெருமைப்படும் அந்த அகன்ற கடற்கரைக்கு வடசென்னை கொடுத்த விலை இது.

இப்படிப்பட்ட கரையில்தான் 2004 சுனாமியும், 2016 டிசம்பரில் வர்தா புயலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் வந்துபோயின. இங்கே வீடு வைத்திருப்பவர் அதைக் காப்பீடு செய்ய முடியுமா?

காகிதத்தில் முடியும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுப் பாலிசியைக் கொண்டுவந்தது. தீக்காப்பீடு தரும் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் இதைத் தந்தே ஆக வேண்டும் என்று அப்போது உத்தரவிட்டது. தீ, நிலநடுக்கம், புயல், வெள்ளம், சுனாமி எல்லாம் இதில் அடக்கம். நிலத்தின் விலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் காப்பீட்டுத் தொகை. கட்டடத்துக்கு எடுத்தால் அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே சேர்ந்துவிடும். நல்ல திட்டம், சந்தேகமில்லை.

ஆனால் அதே பாலிசியில், நிலம் உள்வாங்குதல், நிலச்சரிவு என்ற பிரிவின் கீழ் விலக்குகள் சில இருக்கின்றன. கடல் அரிப்பாலும் ஆற்று அரிப்பாலும் வரும் சேதத்துக்கு இழப்பீடு இல்லை. மண் கொட்டி மேடாக்கிய தரை இறங்கினாலும் இல்லை. ஏரியையும் சதுப்பையும் நிரவிக் குடியேறிய, கடல் அரிக்கும் ஒரு பகுதிக்கு இந்த இரண்டும் எவ்வளவு பெரிய ஓட்டை என்பதை விளக்கத் தேவையில்லை. நவம்பர் முழுக்க அலை அஸ்திவாரத்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு போகிறது. டிசம்பர் புயலில் சுவர் சாய்கிறது. சாய்த்தது புயலா, அரிப்பா? சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் புயல் என்று எழுதினால் பணம் வரும், அரிப்பு என்று எழுதினால் வராது. வீட்டுக்காரருக்கு இரண்டும் ஒரே கடல்.

உப்புக்காற்று இன்னொரு சிக்கல். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியில் துரு ஏறினால் அது பருத்து, மூடியிருக்கும் சிமெண்டைப் பிளக்கும். முதலில் மயிரிழை விரிசல், பிறகு பழுப்புக் கறை, பிறகு கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழும். கரையோர வீடுகளில் இதைப் பார்க்காதவர் இல்லை. பாலிசிக்கு இது நாள்பட்ட தேய்மானம், இழப்பீடு கிடையாது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், 1990களில் கட்டிய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பகுதி அப்படியே சரிந்தது. முன்பே விரிசலைக் கவனித்து வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அன்று புயல் எதுவும் இல்லை. கட்டுமானக் குறையாலும் தேய்மானத்தாலும் விழும் வீட்டுக்கு இந்தப் பாலிசி கைகொடுக்காது. அங்கே அரசுதான் உதவித்தொகையும் மாற்று வீடும் தர வேண்டியிருந்தது.

இதெல்லாம் பாலிசி எடுத்தவர்களின் கதை. மீனவக் குப்பங்களில் பலர் அதுவரைகூடப் போவதில்லை. தலைமுறைகளாகக் குடியிருந்தாலும் பல இடங்களில் நிலம் புறம்போக்கு, கையில் பட்டா இல்லை. பட்டா இல்லையென்றால் வங்கி வீட்டுக் கடன் தராது. நம் ஊரில் நடுத்தரக் குடும்பங்கள் வீட்டுக் காப்பீடு எடுப்பதே பெரும்பாலும் கடன் கொடுக்கும் வங்கி கேட்பதால்தான். கடன் இல்லாதவரிடம் அதைப் பற்றிப் பேச யாரும் வருவதில்லை.

மிக்ஜாம் இன்னொன்றையும் காட்டியது. எண்ணூர், எர்ணாவூர்ப் பகுதிகளில் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் புகுந்தது. சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு, மெத்தை, துணிமணி, பிரிட்ஜ் எல்லாவற்றிலும் பிசுக்கு. சோப்புப் போட்டாலும் போகாது. எண்ணெய் வந்தது சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. மாசினால் வரும் சேதம் பாலிசியின் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அந்த மாசு, காப்பீடு செய்யப்பட்ட ஒரு நிகழ்வின் விளைவாக வந்திருந்தால் விலக்கு பொருந்தாது. வெள்ளம் கொண்டுவந்த எண்ணெய்க்கு இழப்பீடு கேட்க இது வலுவான பிடி. பாலிசியே இல்லாத வீடுகளுக்கு அரசு தந்த நிவாரணம்தான் மிச்சம். புயலால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 6,000 ரூபாய், சேதமடைந்த குடிசைக்கு 8,000 ரூபாய். அந்த 6,000 ரூபாயில் ஒரு நல்ல பிரிட்ஜ்கூட வாங்க முடியாது.

கடலோர வீடுகளுக்குக் காப்பீடு கிடைப்பது மற்ற இடங்களிலும் சிக்கல்தான். அமெரிக்காவின் புளோரிடாவில் அது வேறு வகை. 1992இல் ஆண்ட்ரூ புயலுக்குப் பிறகு பல காப்பீட்டு நிறுவனங்கள் திவாலாயின. மற்றவை பின்வாங்கின. கடைசியில் மாநில அரசே 2002இல் ‘சிட்டிசன்ஸ்’ என்ற நிறுவனத்தை அமைத்து, வேறு வழியில்லாதவர்களுக்குப் பாலிசி தரத் தொடங்கியது. நம் நாட்டிலும் ஒரு முன்மாதிரி உண்டு. நாகாலாந்து அரசு 2021இல் மாநிலத்துக்காகவே மழைக் காப்பீடு வாங்கியது. குறிப்பிட்ட அளவைத் தாண்டி மழை பெய்தால் நிறுவனம் அரசுக்குப் பணம் தரும். வீடு வீடாகச் சர்வேயர் வர வேண்டாம், பட்டா காட்ட வேண்டாம். ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரைக்குத் தமிழ்நாடு அரசு செய்ய வேண்டியது இதுதான். அலை உயரத்தையும் கரை இழப்பையும் அந்த அளவுகோலில் சேர்க்க வேண்டும். மத்திய அரசும் தன் பங்குக்கு ஒன்று செய்யலாம். 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு ஜிஎஸ்டி நீக்கப்பட்டது. வீட்டுக் காப்பீட்டுக்கு 18 சதவீதம் அப்படியே நிற்கிறது. அதையும் எடுத்துவிட வேண்டும்.

அதுவரை, கரையோரம் வசிப்பவர்கள் அக்டோபரில் மழை பிடிப்பதற்கு முன்பே பாலிசி எடுத்துவிடுங்கள். வாடகைக்கு இருப்பவர்களும் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். வீட்டின் சுவர், தரை, கூரை, பெரிய சாமான்கள் எல்லாவற்றையும் இன்றே செல்போனில் படம் எடுத்து, பாலிசி நகலோடு வெளியூர் உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். சுவர் புயலுக்கு முன் நேராக நின்றது என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி. இழப்பீட்டை நிறுவனம் மறுத்தால் முதலில் அங்கேயே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் தீர்வு வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் போகலாம். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.