கல்விச் சுற்றுலா: மலாக்கா மாணவர் முதலில் எங்கே போகவேண்டும்?

மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிடத் தொடங்கியது மலாக்காவில்தான். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி விடாமல் வற்புறுத்த, டான் சே யான் என்ற மலாக்கா சீன வணிகர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் கன்று வைத்துப் பார்த்தார். அது தேறியதும் புக்கிட் ஆசகானில் சுமார் 3,000 ஏக்கர் அளவுக்கு விரித்தார். இந்த இரண்டு ஊர்ப் பெயரிலும் இன்று தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. நம் தாத்தா பாட்டிகளைக் கப்பலேற்றி இந்நாட்டுக்குக் கொண்டுவந்த மரத்தின் கதை தொடங்கிய மண் அது.

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கல்விச் சுற்றுலா என்று பேச்செடுத்தால் பெற்றோர் மனத்தில் முதலில் வருவது கோலாலம்பூரும் புத்ராஜெயாவும்தான். அவற்றையும் பிள்ளைகள் பார்க்கட்டும். ஆனால் வகுப்பில் நடத்தும் பாடம் கண்ணெதிரே நிற்கும் இடங்கள் அரை மணி, ஒரு மணி நேரத் தொலைவிலேயே இருக்கும்போது, அங்கே முதலில் போவதுதான் சரி.

வெளியே கூட்டிப் போனால் பிள்ளைகள் உண்மையிலேயே கற்கிறார்களா, அல்லது பொழுதுபோக்கோடு முடிந்துவிடுகிறதா? அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2011-இல் ஒரு பெரிய கலைக்கூடம் திறக்கப்பட்டபோது, அதைப் பார்க்கப் பள்ளிகள் போட்டி போட்டன. யார் முதலில் போவது என்று குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். போய்வந்த பிள்ளைகளையும் காத்திருந்த பிள்ளைகளையும் ஒப்பிட ஆய்வாளர்களுக்கு இது வசதியாகிவிட்டது. 123 பள்ளிகள், ஏறத்தாழ 11,000 மாணவர்கள். போய்வந்தவர்கள் ஒரு படத்தைக் கூர்ந்து பார்த்து ஆராய்வதில் முன்னே நின்றார்கள். கிராமப்புறப் பிள்ளைகளிடமும் வறுமை மிகுந்த பள்ளிகளின் பிள்ளைகளிடமும் இந்தப் பலன் இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. தோட்டப் பள்ளிகளை நினைத்துக்கொண்டு இந்த முடிவைப் படித்தால் அதன் கனம் புரியும்.

இன்னோர் ஆய்வு இதைவிடப் பழையது. ஜான் ஃபால்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1978-இல் வெளியிட்டது. முன்பின் தெரியாத இடத்துக்குப் போகும் பிள்ளைகளின் கவனம் பாடத்தில் நிற்பதில்லை. இடத்தையே வேடிக்கை பார்ப்பதில் போய்விடுகிறது என்று அது காட்டியது. அதனால்தான், என்ன பார்க்கப் போகிறோம், எங்கே உட்காருவோம், எங்கே சாப்பிடுவோம் என்பதையெல்லாம் முதல் நாளே வகுப்பில் சொல்லிவிட வேண்டும். பக்கத்து இடத்துக்குப் போவதில் உள்ள நன்மையும் இதுவே. ஓரளவு பழகிய இடமென்றால் பிள்ளை நேராகப் பாடத்துக்கு வந்துவிடும்.

தோட்டத்திலிருந்தே தொடங்கலாம். பால்மரம் வெட்டுவதை விடிவதற்குள் ஏன் தொடங்கினார்கள் என்று ஐந்தாம் ஆண்டு மாணவரைக் கேளுங்கள். வெயில் ஏறினால் ஆளுக்குக் களைப்பு என்பார்கள். மரத்துக்கும் ஒரு காரணம் உண்டு. குளிர்ந்த அதிகாலையில் மரத்துக்குள் நீரின் அழுத்தம் கூடுதலாக இருப்பதால் பால் தாராளமாக வடியும். வெயில் ஏற ஏற அது குறையும். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சரிவாக இருப்பதும் சும்மா இல்லை. பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே சாய்ந்து சுற்றிப் போகின்றன. அந்தச் சரிவில் வெட்டினால் கூடுதல் குழாய்கள் அறுபடும். கத்தி ஆழமாகப் போனால் மரம் புண்ணாகி, அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. மங்கில் விழும் பாலில் ஃபார்மிக் அமிலம் கலந்தால் உறைவதை ஆசிரியர் தள்ளி நின்று செய்து காட்டலாம். உயிரியலும் வேதியலும் ஒரே மரத்தடியில் கிடைத்துவிடுகின்றன.

இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. அதிலும் பாடத்துக்குக் குறைவில்லை. செம்பனையில் ஆண்பூங்கொத்து வேறு, பெண்பூங்கொத்து வேறு. முன்பு தொழிலாளர்களே மகரந்தப் பொடியைப் பூக்களில் தூவிக்கொண்டிருந்தார்கள். 1981-இல் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டபின், அந்த வேலையை வண்டு எடுத்துக்கொண்டது. ஆண்பூங்கொத்தை வெள்ளைத் தாளின்மேல் தட்டினால் அந்த வண்டுகள் விழும். மகரந்தச் சேர்க்கைக்கு இதைவிடத் தெளிவான செய்முறை கிடைக்காது.

நகரத்துக்கு வந்தால் வரலாறு. நான்காம் ஆண்டுப் பாடநூலில் வரும் மலாக்கா சுல்தானகத்தின் துறைமுகத்தில் ஷாபந்தர் எனப்பட்ட துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரின் பொறுப்பில் சோழமண்டலக் கரை வணிகர்கள் இருந்தார்கள். அப்படியானால் தமிழர் இங்கே முதலில் வந்தது பால்மரத்துக்காக அல்ல. இதை வகுப்பில் சொன்னால் ஒரு வரிச் செய்தி. ஆற்றங்கரையில் நின்று, கப்பல்கள் எங்கே நின்றிருக்கும், பருவக்காற்று மாறும்வரை வணிகர்கள் எங்கே தங்கியிருப்பார்கள் என்று கேட்டால் பிள்ளைகளே யோசிக்கத் தொடங்குவார்கள். அங்கிருந்து நடந்தே ஜாலான் துக்காங் எமாஸ் போகலாம். டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் அங்கே இருக்கிறது. சில அடிகள் தள்ளி 1748-இல் கட்டிய பள்ளிவாசல், அதற்கப்பால் 17-ஆம் நூற்றாண்டுச் சீனக் கோயிலான செங் ஹூன் தெங். மூன்று கூரைகளையும் பிள்ளைகள் வரையட்டும். பள்ளிவாசல் கூரை நாம் நினைக்கும் குவிமாடம்போல் இல்லையே, ஏன் என்று அவர்களே கேட்பார்கள்.

காஜா பெராங்கில் உள்ள செட்டி கிராமத்தைத் தவறவிடக்கூடாது. பழைய தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகள் வீட்டில் மலாய் பேசுகிறார்கள். வழிபாட்டில் சைவத்தை விடவில்லை. மொழி எப்படிப் போயிற்று, சாமி எப்படித் தங்கியது? தமிழ்ப்பள்ளி மாணவருக்கு இதைவிட நெருக்கமான கேள்வி இருக்க முடியாது. ஆனால் குறைசொல்லும் தொனி ஆசிரியரிடம் எள்ளளவும் வரக்கூடாது. பல தலைமுறைகளாக மரபைக் காத்தவர்களைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லியே கூட்டிப் போகவேண்டும்.

அலோர் காஜா பக்கத்துப் பள்ளிகளுக்குப் பூலாவ் செபாங் ரயில் நிலையம் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கிருந்து மலாக்கா நகருக்குக் கிளைப்பாதை ஓடியது. போர்க்காலத்தில் ஜப்பானியர் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களையும் அதே பாதை போட அழைத்துப்போனார்கள். அவர்களில் பல்லாயிரம் பேர் அங்கேயே மாண்டார்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இதைத் தாங்குவார்கள். சொல்லாமல் விடுவதுதான் தவறு.

பணம் ஒரு தடைதான். 150 பேருக்கும் குறைவான மாணவர் உள்ள பள்ளிகளை அமைச்சு குறைந்த மாணவர் பள்ளி என்று தனியாக வகைப்படுத்துகிறது. அப்படிப்பட்ட பள்ளியில் பஸ் வாடகையைத் தலைக்கு வகுத்தால் தொகை ஏறிவிடும். பக்கத்து இடமானால் வேன் போதும். அருகிலுள்ள இரண்டு பள்ளிகள் சேர்ந்தும் போகலாம். சிறிய வகுப்புக்கு வேறொரு வசதியும் உண்டு: பன்னிரண்டு பேர் ஒரு மரத்தைச் சுற்றி நின்றால் எல்லாருக்கும் தெரியும், நாற்பது பேர் நின்றால் பின்வரிசைக்கு முதுகுதான் தெரியும்.

ஏற்பாடுகளை முன்கூட்டியே தொடங்கவேண்டும். மாவட்டக் கல்வி இலாகாவின் அனுமதி, பெற்றோரின் எழுத்துச் சம்மதம், தோட்டமென்றால் நிர்வாகியின் இசைவு மூன்றும் தேவை. குலை வெட்டும் நாளில் செம்பனைக் காட்டுக்குள் பிள்ளைகளை விடக்கூடாது. முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் கட்டாயம். போகுமுன் ஒவ்வொரு மாணவரும் ஒரு கேள்வியை எழுதி எடுத்துவரட்டும். திரும்பிய மறுநாளே, மறப்பதற்குள், அதற்குக் கிடைத்த விடையை வகுப்பில் சொல்லட்டும். பால்மரம் வெட்டிய தாத்தாவோ பாட்டியோ ஊரில் இருந்தால், பெற்றோர் ஆசிரியர் சங்கம் அவர்களை வழிகாட்டியாக அழைக்கலாம். கத்தி பிடிக்கும் விதத்தை அவர்கள் காட்டுவதுபோல் எந்தப் பாடநூலும் காட்டாது, அப்படிக் காட்டத் தெரிந்தவர்களின் எண்ணிக்கையும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது.