புண்ணைத் தொட்டுக் காட்டிய நாவல்

ஏழு வருஷ காலம் ஐரோப்பாவில் கழித்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பிய ஓர் இளைஞன், தான் இல்லாத காலத்தில் சிறையில் மாண்டுபோன தகப்பனாரின் கல்லறையைத் தேடிக்கொண்டு இடுகாட்டுக்குப் போகிறான். அங்கே குழி வெட்டுகிறவன் சொல்லும் சமாசாரம் என்னவென்றால், பெரிய பாதிரியாரின் உத்தரவுப்படி அந்தச் சடலத்தைத் தோண்டி எடுத்து, சீனர்களின் இடுகாட்டுக்குக் கொண்டுபோகும் வழியில், கொட்டும் மழையிலே பாரம் தாங்கமாட்டாமல் அதை ஏரியில் எறிந்துவிட்டான் என்பதே. சிறையில் சாகவிட்டதோடு திருப்தியடையாமல், செத்தவனுக்கு ஆறடி மண்ணையும் மறுத்த ஓர் அதிகாரத்தின் சொரூபத்தை இந்த ஒரு காட்சியில் கண்டுகொள்ளலாம்.

பிலிப்பைன்ஸ் தேசத்து ஹோசே ரிசால் ஸ்பானிய மொழியில் எழுதிய ‘நோலி மே தாங்கெரே’ என்னும் நாவலில் வருவது இக்காட்சி. 1887இல் பெர்லின் நகரில் அது அச்சேறியபோது அவருக்கு வயது 25. கையில் பணமில்லாமல் தவித்த அவருக்கு மாக்சிமோ வியோலா என்ற நண்பர் 300 பெசோ கொடுத்து உதவியதால் 2,000 பிரதிகள் வெளிவந்தன. ‘என்னைத் தொடாதே’ என்று பொருள்படும் அந்த லத்தீன் வாசகம் யோவான் சுவிசேஷத்தில், உயிர்த்தெழுந்த இயேசு மகதலேனா மரியாளிடம் சொன்னது. கண் மருத்துவரான ரிசாலோ, தொட்டாலே துடிக்கச் செய்யும் புற்றுநோயைத் தம் சமர்ப்பண உரையில் நினைவூட்டி, தம் தேசத்தைப் பீடித்திருப்பதும் அத்தகைய வியாதியே என்கிறார்.

அந்த நோய்க்கு மூலம் எங்கே? அப்போது பிலிப்பைன்ஸை ஆண்ட ஸ்பெயினிலிருந்து கவர்னர்கள் வந்தார்கள், போனார்கள். ஆனால் கிராமத்துக் கோவிலில் வருஷக்கணக்காக வீற்றிருந்து, பள்ளிக்கூடத்தையும் நிலத்தையும் மனிதருடைய மானத்தையும் தம் பிடியில் வைத்திருந்தவர்கள் துறவற சபைகளைச் சேர்ந்த பாதிரிமார்களே. ரிசாலின் குடும்பமும் கலாம்பா என்னும் ஊரில் தோமினிக்க சபையாரின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதது.

கல்லறையைத் தேடிப்போன கதாநாயகன் இபார்ராவைக் காட்டிலும், சீசா என்ற ஏழைத் தாயே என் மனத்தை அதிகமாக வருத்தியவள். கோவில் மணியடிக்கும் தன் இரு சிறுவர்களுக்காக அவள் அருமையாகச் சமைத்து வைத்த உணவைச் சூதாடிக் கணவன் வந்து தின்றுவிட்டுப் போகிறான். பிள்ளைகள்மேலோ திருட்டுப் பழி விழுகிறது. இளையவன் திரும்பி வரவே இல்லை. பிள்ளைகளைத் தேடி வந்த காவலர்கள், அவர்கள் அகப்படாமையால், தாயையே ஊரார் பார்க்கத் தெருவழியே நடத்திச் செல்ல, அந்த அவமானமும் புத்திர சோகமும் சேர்ந்து அவளைப் பித்தாக்கிவிடுகின்றன. இது வெறும் கற்பனை என்று எனக்குத் தோன்றவில்லை. ஏனெனில் ரிசால் சிறுவராக இருந்தபோது, நஞ்சிட்டுக் கொல்லும் முயற்சிக்கு உடந்தை என்ற பொய்க் குற்றச்சாட்டின்பேரில் அவருடைய தாயார் தெயோதோரா அலோன்சோவைக் கலாம்பாவிலிருந்து சாந்தா குரூஸ் வரை கால்நடையாகவே நடத்திச் சென்று, இரண்டரை வருஷம் சிறையில் வைத்திருந்தார்கள். தாய் நடந்த அந்த வழியைத்தான் மகன் சீசாவின் பாதங்களில் கண்டிருக்க வேண்டும்.

அந்நியரை மட்டும் அவர் குறை கூறவில்லை. பாதிரிமாரின் தயவில் செல்வம் சேர்க்கும் காபித்தான் தியாகோவும், ஸ்பானியப் பெண்மணியாக வேஷமிடத் துடிக்கும் தோன்யா விக்தோரினாவும் அவருடைய சொந்த ஜனங்களே. தம்மவரின் புண்ணையும் கட்டவிழ்த்துக் காட்டிய அந்த நேர்மையினால்தான் நாவல் வெறும் வசைநூலாகாமல் இலக்கியமாயிற்று.

மணிலாவின் சாந்தோ தோமாஸ் சர்வகலாசாலைக் குழுவினர் அதை மதத்துரோகமென்று கண்டனம் செய்தார்கள். தணிக்கையாளரும் தடைசெய்யச் சொன்னார்கள். ஆயினும் அது இரகசியமாகக் கைமாறிப் படிக்கப்பட்டது. கடைசியில் அதே ஸ்பானிய ஆட்சியினர் 1896 டிசம்பர் 30ஆம் தேதி, மணிலாவில், ரிசாலைச் சுட்டுக் கொன்றார்கள். சடலத்தைக் குடும்பத்தாரிடம் கொடாமல், சவப்பெட்டியும் இல்லாமல், பாக்கோ இடுகாட்டில் அடையாளமின்றிப் புதைத்துவிட்டார்கள். இடுகாடு இடுகாடாகத் தேடியலைந்த சகோதரி நார்சிசா அவ்விடத்தைக் கண்டுபிடித்து, தம்பியின் பெயரின் முதலெழுத்துக்களைத் தலைகீழ் வரிசையில் பொறித்த ஒரு கல்லை அங்கே வைக்கச் செய்தாள்.