ஷூட்டர் இறங்கும் இடம்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்துப் பள்ளி மைதானங்களில் கூடைப்பந்து ஆட்டம் நடக்கும்போது அடிக்கடி காதில் விழுவது இதுதான்: "கைல அடிச்சான் சார்!" "இல்ல சார், பந்தைத்தான் தட்டினேன்!" விசில் வைத்திருக்கும் பி.டி. சார் சில சமயம் ஊதுவார், சில சமயம் ஊதமாட்டார். இரண்டுக்கும் கணக்கு உண்டு.

உரசினாலே ஃபவுல் ஆகிவிடாது. யாருடைய இடத்தில் உரசினார்கள் என்று பார்க்கவேண்டும். சர்வதேசச் சம்மேளனமான ஃபிபாவின் விதிப்படி, தரையில் நிற்கும் ஒவ்வொருவரைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உருளை இருக்கிறது. முன்பக்கம் மடக்கி உயர்த்திய கைகளின் உள்ளங்கை வரை, பின்பக்கம் பிட்டம் வரை, பக்கவாட்டில் கைகால்களின் வெளிவிளிம்பு வரை. அதன் மேலேயுள்ள வெளியும் அவருக்கே. ஆகவே முறையாக இடம்பிடித்து நின்ற டிஃபெண்டர் கைகளை நேரே உயர்த்திச் செங்குத்தாக எம்பும்போது, ஷூட்டர் வந்து அவர் மார்பில் மோதினால் டிஃபெண்டர் மேல் தப்பில்லை. அதே கை முன்னால் சாய்ந்து ஷூட்டரின் முன்கையில் விழுந்தால் ஃபவுல். பந்து வளையத்துக்குள் விழுந்திருந்தால் அந்தப் புள்ளிகளோடு ஒரு ஃப்ரீ த்ரோ. விழாவிட்டால் இரண்டு, 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்ததென்றால் மூன்று.

இதையெல்லாம் கண்டுபிடிக்க, தேர்ந்த நடுவர் பந்தை விட்டுவிட்டு டிஃபெண்டரைப் பார்ப்பார். எங்கிருந்து எம்பினார், கை எந்தப் பக்கம் சாய்ந்தது, கால் எங்கே போகிறது? பந்து கையை விட்டுப் போனபிறகும் பார்வையை எடுக்கமாட்டார். ஏனென்றால் இரண்டு பாதமும் தரையைத் தொடும்வரை ஷூட்டருக்குப் பாதுகாப்பு உண்டு. எம்பிய இடத்திலேயே இறங்கும் உரிமையும் உண்டு.

எல்லாரும் பந்தைப் பார்க்கும் அந்த நொடிதான் ஆபத்தானது. 2017 மே 14 அன்று அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவின் அரையிறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில், சான் அன்டோனியோ அணியின் கவாய் லெனார்ட் ஷூட் செய்துவிட்டு, நெருங்கி வந்த எதிரணி டிஃபெண்டர் ஜாஜா பச்சூலியாவின் பாதத்தின் மேல் இறங்கினார். கணுக்கால் பிசகி, அந்தத் தொடரில் அவர் மறுபடி ஆடவே இல்லை. அடுத்த சீசனிலிருந்து, இறங்கும் இடத்தில் கால் வைப்பதைக் கடுமையான ஃபவுலாகக் கருத என்பிஏ வழிசெய்தது.

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891-ல் எழுதிய 13 விதிகளிலேயே காலை இடறிவிடுவதற்குத் தடை உண்டு. சிமென்ட் தரையில் ஆடும் நம் பிள்ளைகளுக்கு அது இன்னும் முக்கியம். கைமேல் விழுந்த ஒரு தட்டை நடுவர் தவறவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம். இறங்கும் இடத்தில் வைத்த காலைத் தவறவிடக் கூடாது. அதேபோல, ஃபவுல் வாங்குவதற்கென்றே ஷூட்டர் காலை வெளியே உதைத்து டிஃபெண்டர் மேல் பட்டால், விசில் ஷூட்டருக்கு எதிராகத்தான்.