முகநூல் 'டாக்டர்' அசல்தானா?

கோவிட் காலத்தில், 2020இல், சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா சொன்னதை நாடே நம்பியது. மருத்துவர்கள் மீதுள்ள அத்தகைய நம்பிக்கையைத்தான் மோசடிக்காரர்கள் திருடுகிறார்கள். பிரபல மருத்துவரின் முகத்தையும் குரலையும் போலியாக உருவாக்கி, 'சர்க்கரை நோய் குணமாகும்' என்று முகநூலில் மருந்து விற்கிறார்கள்.

மலேசியாவில் மருத்துவத் தொழில் செய்பவர், 1971 மருத்துவச் சட்டப்படி மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். தொழில் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். மன்றத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

ஆனால், பெயர் அசலாக இருந்தாலும் காணொளி போலியாக இருக்கலாம். ஆகவே மருந்துப் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' எனத் தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் வில்லையும் உள்ளனவா என்று பாருங்கள். சந்தேகமா? கிளினிக்கில் காட்டிக் கேளுங்கள். காணொளியை நம்பி, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.