எந்த ஊசி உசத்தி?

"மாதத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று என்கிறீர்களே, டாக்டர்! இதில் எந்த ஊசி உசத்தி?"

எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் இப்படிக் கேட்டார். காப்பிக்கொட்டைக் கடையில் நின்று, "பீபரியா, பிளாண்டேஷனா?" என்று விசாரிப்பது போலிருந்தது அவருடைய தோரணை. ஆனால் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்ட விதம், உள்ளே இருந்த கலவரத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டது. அவருக்குப் பிராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். முதுகெலும்பையும் அது தொட்டுவிட்டது. ஹார்மோன் ஊசி போடவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பெரியவருக்குப் பதில் சொல்லுமுன், இந்த ஊசி என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோமா?

பிராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மூத்திரப்பையின் அடியில் உள்ள ஒரு சிறு சுரப்பி. அதில் தோன்றும் புற்றுநோய்க்குத் தீனி, ஆண் ஹார்மோனாகிய டெஸ்டாஸ்டிரோன். தீனியை நிறுத்தினால் நோய் அடங்கும். இதை 1941-ம் வருஷம் நிரூபித்துக் காட்டியவர் சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ். விரைகளை எடுத்துவிட்டாலும் சரி, பெண் ஹார்மோனைக் கொடுத்தாலும் சரி, உடம்பில் பரவிய நோய்கூடச் சுருங்குகிறது என்று அவர் கண்டார். அதற்காக நோபல் பரிசு அவரைத் தேடி வந்ததோ, 25 வருஷம் கழித்து 1966-ல்தான்!

விரைகளை எடுப்பது சிறிய ஆபரேஷன். ஒரே தடவையோடு முடிந்துவிடும், செலவும் குறைவு. இன்றும் அது நல்ல சிகிச்சையே. ஆனால் பல ஆண்களின் மனம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. போனது திரும்பியும் வராது. பெண் ஹார்மோன் மாத்திரையோ ரத்தக் கட்டிகளையும் இருதயக் கோளாறையும் உண்டாக்கியது. வேறு வழி உண்டா என்று உலகம் தேடிற்று.

வழி மூளைக்குள் இருந்தது. மூளையின் அடிப்பாகத்திலுள்ள ஹைபோதாலமஸை எஜமானர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிட்யூட்டரி சுரப்பி குமாஸ்தா. விரைகள்தாம் தொழிற்சாலை. எஜமானர் விட்டு விட்டு உத்தரவு அனுப்புவார், குமாஸ்தா அதைத் தொழிற்சாலைக்குத் தெரிவிப்பார், டெஸ்டாஸ்டிரோன் உற்பத்தியாகும். அந்த உத்தரவு எப்படிப்பட்ட ரசாயனம் என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு விஞ்ஞானிகள் வருஷக் கணக்கில் போட்டி போட்டார்கள். ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைகளையும், ரோஜர் கில்லமின் ஆட்டு மூளைகளையும் லட்சக் கணக்கில் அரைத்துத் தள்ளினார்கள். 1971-ல் அதன் அமைப்பு வெளியாயிற்று. 1977-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பிறகு நேர்ந்ததுதான் வேடிக்கை. அந்த உத்தரவைப் போன்ற மருந்தை ஓயாமல் உடம்பில் செலுத்தினால் என்ன ஆகிறது, தெரியுமோ? குமாஸ்தா முதலில் பதறிப்போய் இரட்டிப்பு வேலை செய்கிறார். எஜமானர் இரவு பகலாகக் கத்திக்கொண்டே இருந்தால், பிறகு எந்தக் குமாஸ்தாவின் காதில் ஏறும்? பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார். மூன்று நான்கு வாரத்தில் தொழிற்சாலை மூடப்படுகிறது. லூப்ரோலைடு, கோஸரெலின், டிரிப்டோரெலின் எல்லாம் இந்த ஜாதி ஊசிகள்தாம்.

இவற்றில் மாத இடைவெளி பற்றிய ரகசியம் மிகச் சாதாரணக் கணக்கு. அமெரிக்காவில் கிடைக்கும் லூப்ரோலைடு ஒரு மாதத்துக்கு 7.5 மில்லிகிராம், மூன்று மாதத்துக்கு 22.5, ஆறு மாதத்துக்கு 45. வகுத்துப் பாருங்கள், மாதத்துக்கு அதே ஏழரைதான்! மருந்து மெதுவாகக் கசியும்படி செய்திருக்கிறார்கள். எது சௌகரியமோ, எது கைக்கு அடக்கமோ அதைப் போட்டுக்கொள்ளலாம்.

உண்மையான வித்தியாசம் முதல் சில வாரங்களில் இருக்கிறது. குமாஸ்தா பதறும் அந்த நாட்களில் டெஸ்டாஸ்டிரோன் ஏறுகிறது. நோய் முதுகெலும்பில் இருந்தால் தண்டுவடம் நசுங்கிக் கால்கள் செயலிழக்கும் அபாயம் உண்டு. ஆகையால் பைகலுடமைடு போன்ற மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்துத் தடுப்பார்கள்.

இன்னொரு ஜாதி ஊசி டெகாரெலிக்ஸ். 2008-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இது கத்துவதே இல்லை. நேரே குமாஸ்தாவின் காதில் பஞ்சை அடைத்துவிடுகிறது! பெரும்பாலோருக்கு மூன்றே நாளில் டெஸ்டாஸ்டிரோன் அடங்கிவிடும், ஏற்றமே இல்லை. ஆனால் முதல் நாள் வயிற்றுத் தோலில் இரண்டு ஊசி, பிறகு 28 நாளுக்கு ஒன்று. போட்ட இடம் சிவந்து வலிப்பது சகஜம். இதே வழியில் வேலை செய்யும் ரெலுகோலிக்ஸ் என்ற தினசரி மாத்திரைக்கு 2020-ல் அங்கே அனுமதி கிடைத்தது. மாத்திரையை மறப்பவர்களுக்கு அது உதவாது.

இருதயத்துக்கு எது நல்லது? டெகாரெலிக்ஸையும் லூப்ரோலைடையும் ஒப்பிட்டு 2021-ல் வெளியான ஆராய்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை. அது பாதியில் நிறுத்தப்பட்டதால் வழக்கு இன்னும் தீரவில்லை. இருதய நோய் உள்ளவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

எந்த ஊசியானாலும் விலை ஒன்று உண்டு. திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வேர்க்கும், அசதி, தாம்பத்திய ஆசை குறைதல், எலும்பு பலம் இழத்தல், சர்க்கரை ஏறுதல். "என்ன இவர் இப்படிச் சிடுசிடுக்கிறார்!" என்று மனைவிமார் மனம் வருந்த வேண்டாம், அது ஊசியின் வேலை. தினம் நடையும் தேகப் பயிற்சியும் மிகவும் உதவும். எலும்புப் பரிசோதனையும் அவசியம்.

நம் பெரியவருக்கு முதலில் டெகாரெலிக்ஸ் போட்டார் டாக்டர். நோய் அடங்கியதும் மூன்று மாத ஊசிக்கு மாற்றினார்.

"அப்படியானால் எதுதான் உசத்தி?" என்று விடாமல் கேட்டார் பெரியவர்.

"தேதி தவறாமல் போட்டுக்கொள்கிற ஊசிதான், ஸார்!" என்றார் டாக்டர்.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை, கூடத்துக் காலண்டரில் அடுத்த தேதியைச் சிவப்பு மசியால் வட்டமிட்டது அவருடைய மனைவி.